மூன்று ஹார்ட்டுக்கு ஒரு பாஸ்

பிப்ரவரி 9

அண்ணி,

பல முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதற்கு மேலும் செய்ய எனக்கே கூச்சமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

போனைவிடக் கடிதம் நல்லது என்றும் தோன்றியது. மன்றத்தில் பிரிட்ஜ் சீட்டு ஆடும்போது, எத்தனை பிடி எடுப்போம் என்கிற ஏலத்தை வாயால் சொல்லாமல் அட்டை எடுத்து வைக்கிறோமே, குரலில் இருக்கும் தயக்கமோ மகிழ்ச்சியோ எதிரே உட்கார்ந்திருக்கும் ஜோடிக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடாது என்று. போனில் என் குரல் தழுதழுக்கும், நீங்கள் இரக்கப்பட்டு விட்டுவிடுவீர்கள். அப்படிக் கிடைக்கும் மன்னிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். எழுதி வைத்துப் பார்த்தால்தான் எதுவும் எனக்கு உறைக்கும்.

அரையிறுதியின் கடைசிச் சுற்று. நீங்கள் ஒரு ஸ்பேட் என்று தொடங்கினீர்கள். என் கையில் பெரிதாக எதுவும் இல்லை, அதனால் இருப்பதிலேயே தாழ்வான பதிலை வைத்தேன். நீங்கள் உடனே மூன்று ஹார்ட் அட்டையை வைத்தீர்கள். நாம் பேசி வைத்திருந்தபடி அதற்கு ஒரே அர்த்தம்தான்: என் கை மிகப் பெரியது, இங்கே நிறுத்தாதே, நாலு வரையாவது போயாக வேண்டும். என்னிடம் நாலு ஹார்ட் சீட்டு இருந்தது, அதில் ஒன்று ராஜா. பிரிட்ஜ் கற்கத் தொடங்கி ஒரு வாரமான ஆள்கூட அடுத்த அட்டையை எடுத்திருப்பார். நான், இதற்கு மேல் ஏறவில்லை என்னும் பச்சை நிற பாஸ் அட்டையை எடுத்து வைத்தேன்.

ஏன் என்றால், நீங்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வீர்கள் என்று வைத்துக்கொண்டு ஆடுவது எனக்குப் பழகிவிட்டது. மூன்று என்றால் இரண்டு, 'பிரமாதமான கை' என்றால் சுமாரான கை. அந்தக் கணக்கு பல முறை சரியாகவும் வந்திருக்கிறது. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று வரவில்லை. நாலு ஹார்ட்டுக்கு வேண்டிய பத்துப் பிடியையும் நீங்கள் எடுத்தீர்கள். நாலு சொல்லியிருந்தால் ஜெயித்திருப்போம். அடுத்த அறையில் எதிரணியின் இன்னொரு ஜோடி அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு நாலு சொல்லியிருந்தது. அந்த ஒரு ஆட்டத்தில் இறுதிப் போட்டி போய்விட்டது.

அதுகூடப் பரவாயில்லை. எதிரணியில் ஆடிய சர்வேயர் கேட்டார், "என்னம்மா, மூணு ஹார்ட்டுக்குப் பாஸா? தூங்கிட்டியா?" மரியாதையாகத் தப்பு என் மேல்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன், "எங்க அண்ணி சொல்றதுல பாதியைத்தான் நான் கணக்குல எடுத்துப்பேன் சார்."

கூடமே சிரித்தது. நம் அணிக்காரர் பல் டாக்டர், முடிவு கேட்கக் கதவைத் திறந்தவர், அவரும் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே சீட்டுகளை அடுக்கி, ஓரங்களை மேசையில் தட்டிச் சமப்படுத்தி, உறையில் போட்டீர்கள். அந்த வாரம் முடிவதற்குள் நம் வீட்டு மாடியில் நீங்கள் இல்லை.

அண்ணன் எல்லாரிடமும், "சீட்டாட்டத்துல ரோஷம் வந்து வேற ஊருக்கு வேலைக்குப் போயிருக்கா, ரெண்டு நாள்ல வந்துடுவா" என்கிறார். அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல" என்கிறாள். இருந்திருக்கலாம்தான்.

வெட்கமாக இருக்கிறது, அண்ணி. திரும்பி வாருங்கள். மன்றத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள்
சிக்கனம்

*

பிப்ரவரி 15

சிக்கனம்,

அந்தப் பெயரை உனக்கு வைத்தவள் நான்தான். ஏலத்தில் ஒரு படி ஏறச் சொன்னால் சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முழிப்பாய், அதற்காக வைத்தேன். இப்போது பார்த்தால் மன்னிப்புக் கேட்பதிலும் அதே கஞ்சத்தனம். பாஸ் வைத்ததற்கு ஒரு பக்கம் நியாயம், வெட்கத்துக்கு ஒரு வரி. அந்த நியாயத்துக்கு நடுவில் 'என் கணக்கு பல முறை சரியாக வந்திருக்கிறது' என்று ஒரு குத்து வேறு. பாடப் புத்தகங்களில் பிழை திருத்துகிற உன் வேலை, சொந்தப் பிழையைத் திருத்தவும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டாமா?

சரி, என் பக்கத்தையும் கேள். நான் கூட்டிச் சொன்னேன், மறுக்கவில்லை. எதற்குச் சொன்னேன்? நீ குறைத்துச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். உன் கையில் எப்போதும் ஒரு ராஜாவை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, ஏழை மாதிரி உட்கார்ந்திருப்பாய். அந்த ராஜாவையும் சேர்த்து நானே சொல்லித் தொலைப்பேன். நான் சேர்த்துச் சொல்கிறேன் என்று நீ கழிப்பாய். நீ கழிக்கிறாய் என்று நான் இன்னும் ஏற்றுவேன். கடைசியில் இரண்டு பேர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. இப்படியும் ஒரு ஜோடி! நாம் அரையிறுதிவரை வந்ததே எதிரணிக்காரர்கள் புண்ணியம்.

ஆனால் அறிவுக்கொழுந்தே, ஒரு விஷயம் சொல். கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துகிற ஒருத்தி மூன்று ஹார்ட்டுக்காக வீட்டை விட்டுப் போவாளா? நீ இவ்வளவு படிக்கிறாய், ராத்திரி பகல் புத்தகமும் கையுமாக இருக்கிறாய். எந்தப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது? உன் அண்ணன் சொன்னார், நீ எழுதிவிட்டாய். அவர் சொல்வதில் மட்டும் எதையும் கழிப்பதில்லை போலிருக்கிறது.

இங்கே ஒரு சைக்கிள் கடைக்கு மேல் அறை. காலையில் காற்றடிக்கிற சத்தத்தில் எழுந்திருக்கிறேன். மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் தற்காலிக வேலை. என் மேலதிகாரி ஒரு வாயாடி. மாத்திரை எண்ணிக்கொண்டே தன் மாமியாரைத் திட்டுவார், எண்ணிக்கை மட்டும் தப்பாது. நாள் முழுக்கக் காது வலிக்கும். நன்றாகத்தான் இருக்கிறது.

நீ ஒரு நாள் கீழே சாப்பாட்டு மேசையில் பூகோளப் புத்தகத்தின் அச்சுத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாய். மழை. நான் மாடியிலிருந்து இறங்கி வந்து உன்னிடம் ஒன்று சொன்னேன். நினைவிருக்கிறதா? இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே. மன்றத்தில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றெல்லாம் வேடிக்கை காட்டாதே.

அண்ணி

*

பிப்ரவரி 23

அண்ணி,

நினைவிருக்கிறது. ஆனால் கடிதம் வந்த அன்றே அப்படி எழுதியிருக்க முடியாது. மழை நினைவிருந்தது, நீங்கள் நின்ற இடம் நினைவிருந்தது. நதிகள் பற்றிய பக்கத்தில் ஒரு படத்தின் விளக்கம் இடம் மாறியிருந்தது, அதுகூட நினைவிருந்தது. நீங்கள் சொன்னது மட்டும் வரவில்லை. நான் சொன்ன பதில் முதலில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்த்தான் உங்கள் வார்த்தைகளை எடுத்தேன்.

நீங்கள், "மேல நான் செத்துக்கிட்டிருக்கேன்டி" என்றீர்கள்.

நான், "கொஞ்சம் கம்மியா சொன்னாதான் அண்ணி நம்ப முடியும்" என்றேன். தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லையே.

நீங்கள் வேண்டாம் என்ற பிறகும் மன்றத்தில் பேசிவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்வேயரிடம் போய், "அன்னிக்கு எங்க அண்ணி சொன்னது ரொம்பச் சரி சார். தப்பு என்னோடது" என்றேன். அவருக்கு எந்த ஆட்டம் என்றே நினைவில்லை. நான் விளக்கியதும், "ஆங், பாதி! பாதிதானே!" என்று சிரித்தார். பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள். ஒரு வார்த்தையைக் கூட்டத்தில் விட்ட பிறகு, அதைத் திருத்திச் சொல்வதற்கு அதே கூட்டம் மறுபடி கூடி உட்காராது என்று புரிந்தது. அச்சில் பிழை இருந்தால் கடைசிப் பக்கத்தில் திருத்தம் போடுவோம். அதை யாரும் படிப்பதில்லை.

பல் டாக்டர் மட்டும் என்னோடு படியிறங்கி வந்தார். "உனக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்க அண்ணி என்கூட ஆடினாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். "அன்னிக்கு அவங்க ஒரு பாயிண்ட் கூட கூட்டிச் சொல்லல. இருக்கறதை ஒரு தடவை சொன்னாங்க, நான் பதில் சொன்னேன், முடிஞ்சுது. இவ்ளோ சுத்தமா ஏலம் சொல்ற ஆளை நான் பார்த்ததில்ல. உன்கூட ஆடறப்ப மட்டும் ஏன் அப்படின்னு கேக்கணும்னு நினைச்சேன். அண்ணி நாத்தனார் விஷயம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

வண்டி நிறுத்தும் இடத்தில் சாவி கையிலிருக்க, வண்டியை எடுக்காமல் நின்றேன்.

ஏலத்தைப் பற்றி நான் எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன்! எப்போது ஏற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எந்தக் கைக்கு எவ்வளவு மதிப்பு. எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது, ஜோடி சொல்வதை நம்பு என்பதுதான். அது பால பாடம் என்று புரட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஆனாலும் அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இன்னும் ஒன்று பிடிபடவில்லை. அண்ணன் அதிகம் பேசாதவர், சின்ன வயதிலேயே அப்படித்தான். அடித்ததில்லை, குடித்ததில்லை, கீழே வந்தால் உங்களோடு சிரித்துத்தான் பேசுவார். எனக்குத் தெரிந்த அண்ணன் அவர்தான். இதை எழுதும்போதே, மறுபடியும் கழிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் இந்த முறை கேட்கிறேன். மேலே என்ன நடந்தது?

சிக்கனம்

*

மார்ச் 4

நீ கேட்டதால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டவில்லை. மருந்துச் சீட்டு எழுதுவது மாதிரி எழுதுகிறேன், அப்படியே படி.

உன் அண்ணனுக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார். கோபப்பட மாட்டார். காரணம் சொல்ல மாட்டார். நான் கேட்டால் நான் அங்கே இல்லாத மாதிரி அடுத்த வேலையைப் பார்ப்பார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். போடாவிட்டால் வெளியே சாப்பிட்டு வருவார். மறுபடி பேசத் தொடங்கும்போதும் காரணம் சொல்ல மாட்டார், நடுவில் எதுவும் நடக்காத மாதிரி பேசுவார்.

கல்யாணமான அடுத்த வருடம் தொடங்கியது. முதலில் ஓரிரு நாள். பிறகு வாரம். ஒரு முறை பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்ட நாளிலிருந்து திறந்த நாள் வரை. அந்த முறை காரணம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையை வேறு சலவைக் கடையில் போட்டிருந்தேன்.

மாடிப்படி இறங்கிக் கீழே வந்தால் பேசுவார். நீ பார்த்ததெல்லாம் உண்மைதான். உங்கள் முன்னால், "என்ன, இன்னிக்கு வேலை ஜாஸ்தியா?" என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். படியேறும்போது நின்றுவிடும். கீழே வருவதற்கு நான் ஏன் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நினைக்கிறாய்? உன் அம்மா, 'மருமகள் மேலே தங்குவதே இல்லை' என்று பெருமையாகச் சொல்வார்.

நீ வெட்கப்படுகிறேன் என்கிறாய். எனக்கும் உண்டு. ஒரு நாள் மேலே எங்கள் சமையலறையில் மயக்கம் வந்து விழுந்த மாதிரி நடித்தேன். பாத்திரத்தையும் சேர்த்துத் தள்ளினேன், சத்தம் கேட்கட்டும் என்று. அவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தரையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நானே எழுந்து, சிந்தியதைத் துடைத்தேன். படித்த பெண், சம்பாதிக்கிற பெண், மருந்தின் அளவு இம்மி பிசகாமல் கொடுக்கிறவள் செய்த காரியம் இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மன்றத்தில் நீ சொன்னது என்னைத் துரத்தவில்லை. நீ சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இனி நான் என் வீட்டைப் பற்றி யாரிடம் என்ன சொன்னாலும் இந்தச் சிரிப்புதான் வரும். அதனால் சொல்வதை விட்டேன். கிளம்பினேன்.

நான் திரும்பி வரமாட்டேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். என் மருந்தாளுநர் பதிவுச் சான்றிதழ் மாடி அலமாரியின் மேல்தட்டில், நீல உறையில் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் அசல் காட்டினால்தான் வேலை நிரந்தரமாகும். அவரிடம் கேட்டேன், எழுதியும் கேட்டேன். பதில் இல்லை. இரண்டாவது, நான் வரமாட்டேன் என்பதையும் ஏன் என்பதையும் வீட்டில் நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. குறைத்துச் சொல்லாதே. கூட்டியும் சொல்லாதே.

முடியாது என்றால் அதையும் எழுதிவிடு. வேறு வழி பார்க்கிறேன்.

இனி என்னை எப்படிக் கூப்பிடுவது என்று உனக்குக் குழப்பமாக இருந்தால், பழையபடியே கூப்பிடு. அந்த ஒரு உறவு அந்த வீட்டில் எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணி

*

மார்ச் 17

அண்ணி,

சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. அலுவலகத்திலிருந்து வரும் வழியெல்லாம் வாக்கியத்தை மனதில் எழுதி, அடித்து, மாற்றி எழுதினேன். 'அண்ணனுக்கும் அண்ணிக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்' என்று ஒரு வடிவம் வந்தது. அதில் இருந்த 'கொஞ்சம்' என்பதைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. என் கை தானாகவே வெட்டுகிறது, அண்ணி.

சாப்பாட்டு மேசையில் அம்மாவும் அண்ணனும் இருக்கும்போது சொன்னேன். நீங்கள் எழுதியிருந்த வரிசையில், உங்கள் வார்த்தைகளிலேயே. மயக்கத்தை மட்டும் சொல்லவில்லை. அது நீங்கள் எனக்குச் சொன்னது.

அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "அவ எல்லாத்தையும் கூட்டித்தான்டி சொல்லுவா" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "நீயே சொல்லியிருக்கியே, அவ பேச்சுல பாதியைத்தான் எடுத்துக்கணும்னு. இவன்தான் வந்து சொல்லிச் சிரிச்சான்" என்றாள்.

போட்டி முடிந்த அன்றே அது அண்ணன் காதுக்குப் போயிருக்கிறது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கீழே வைத்து, அம்மாவோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். உங்களுக்கு எதிராக வீட்டில் ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நான் மன்றத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணன் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "அவளுக்கு எல்லாமே பெருசுதான்" என்றார். கை கழுவப் போனார்.

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய். அவங்க சொன்னது முழுக்க உண்மை" என்றேன். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் அன்றிலிருந்து, "அவ வந்துடுவா" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வதை நிறுத்தியிருக்கிறாள். அம்மாவைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம், இருந்தாலும் இதைப் பெரிதாகச் சொல்லக் கூடாது என்று எழுதுகிறேன்.

அடுத்த நாளிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை.

முதல் நாள் நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் நாள் வாசலில் என் வண்டிக்குக் குறுக்கே அவர் வண்டி நின்றது. "அண்ணா, கொஞ்சம் நகர்த்தறீங்களா?" என்றேன். அவர் பக்கத்திலேயே நின்று காலணியின் கயிற்றைக் கட்டினார். மறுபடி கேட்டேன். கட்டி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் ஆட்டோவில் போனேன். போகும் வழியில், ஒருவேளை காதில் விழவில்லையோ என்று யோசித்தேன். அடுத்து, நான் கேட்ட விதம் சரியில்லையோ என்று யோசித்தேன். அலுவலகம் வருவதற்குள் தப்பு என்னுடையது என்று கிட்டத்தட்ட முடிவே செய்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சான்றிதழுக்காக மாடிக்குப் போனேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, அண்ணியோட சான்றிதழ் மேல்தட்டுல இருக்காம். எடுத்துக்கட்டுமா?" என்றேன். பதில் இல்லை. "எடுத்துக்கறேன்" என்றேன். பதில் இல்லை. வேண்டாம் என்றாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இஸ்திரிப் பெட்டி துணியின் மேல் போய்ப் போய் வந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான். அலமாரி இரண்டு அடியில் இருக்கிறது, என்னால் கையை நீட்ட முடியவில்லை. அவர் வாயிலிருந்து ஏதாவது ஒரு சொல் வந்தால்தான் நகர முடியும் என்பது போல நின்றேன்.

அப்போது நான் ஒன்று செய்தேன். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லண்ணா" என்றேன். அம்மாவுக்கு லேசான ஜலதோஷம். அவர் நிமிரவில்லை. "ரொம்ப முடியல" என்றேன். பெட்டி போய் வந்தது. "மூச்சே விட முடியல அண்ணா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். என் குரல் உயர்ந்திருந்தது, அழுகைகூட வந்தது, அந்த அழுகை பொய்யில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே வாசலில் அம்மா பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசிச் சிரிப்பது மாடிவரை கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அண்ணன் கையை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. சட்டையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

அலமாரியைத் திறந்து நீல உறையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். 

எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அண்ணி. அதற்குள் இல்லாத நோயைச் சொல்லிக் கூவிவிட்டேன். அந்த அறையில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, கீழே வந்து, தாளிலிருந்து தலையைத் தூக்காத ஒருத்தியிடம் நீங்கள் எந்தக் குரலில் பேசியிருக்க முடியும்? நான் என்னவோ அதை உங்கள் சுபாவம் என்று குறித்து வைத்துக்கொண்டேன். ஏலத்திலும் அதையே கழித்தேன். என்னை உங்கள் ஜோடி என்று சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்ததை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தபாலில் அனுப்பினால் அசல் தொலைந்துவிடுமோ என்று பயம். வரும் சனிக்கிழமை காலைப் பேருந்தில் நேரில் கொண்டுவருகிறேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாலும் சரிதான். திரும்பி வாருங்கள் என்று கேட்க மாட்டேன்.

சிக்கனம்

*

மார்ச் 26

சிக்கனம்,

ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதுவாய் என்று பார்த்தேன், எழுதவில்லை. அதனால் நானே.

சான்றிதழைக் காட்டிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம். மேலதிகாரி இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தன் மாமியார் கதையின் மூன்றாம் பாகத்தைச் சொன்னார்.

நீ மன்னிப்புக் கேட்காமல் போனது நல்லது. கேட்டிருந்தால் இப்போதைக்கு இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் உனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அது என்னால் ஆகாது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது போகிறபோது போகட்டும்.

உன் அண்ணன் பேசவில்லை என்று எழுதியிருந்தாய். பேசுவார். ஒரு நாள் எதுவுமே நடக்காத மாதிரி, "சாப்டியா?" என்பார். உனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை மட்டும் நம்பிவிடாதே. முடிந்தால் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார். இதை நான் சும்மா சொல்லவில்லை.

இங்கே மருத்துவமனைக் குடியிருப்பில் பிரிட்ஜ் ஆடுகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவர் ஜோடி இல்லாமல் இருக்கிறார், கூப்பிட்டார். போகலாமா என்று யோசிக்கிறேன். உன்னோடு மறுபடி ஆடுவேனா என்று நீ கேட்கவில்லை, ஆனால் பேருந்து நிலையத்தில் நின்றபோது உன் முகத்தில் அந்தக் கேள்வி இருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதற்குத் தெரியாது என்றே பொருள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நீ அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், நான் கட்டிலில். காலையிலிருந்து வெயில் சாயும்வரை பேசினோம், பெரும்பாலும் நான்தான். கீழே கடையில் சக்கரம் சுற்றுகிற சத்தம் நிற்கவே இல்லை. நீ போன பிறகு தம்ளர்களைக் கழுவும்போதுதான் கவனித்தேன். அன்று முழுக்க நான் எதையும் இரண்டாவது முறை சொல்லவில்லை.

அண்ணி